உறவில்லாத வீடுகள், உறவுள்ள மாடுகள்

ஆரணி
9.6.1999

அன்புள்ள பரிமளாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும் வழக்கம் போல முணுமுணுக்கிறது. நீ ஜூனிலும் விடாத அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வெளியே போகிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். உன் மாட்டு ஆராய்ச்சிக்கு முடி கேட்டாயே, உன் பேராசிரியர் சொல்வது போல நான் ஒரே மாட்டின் வாலில் முடியைப் பிடுங்கி எல்லாக் கவரிலும் போட்டு, ஊர் ஊராகப் பெயர் எழுதி அனுப்பவில்லை. அப்படிச் செய்ய எனக்கு அறிவு இல்லாமல் இல்லை, அவசியம் இல்லை. வேலூர் கான்வென்டில் படித்த காலத்தில் பக்கத்துப் பெண்ணின் கணக்கைப் பார்த்து எழுதியதற்காகக்கூட நான் முட்டி போட்டதில்லை. இந்த வயதில் மாட்டு முடிக்காகவா போடப் போகிறேன். கூடவே இன்னொன்றையும் திருத்திவிடுகிறேன், அது உள்ளூர்ச் சமாசாரம். நான் சூனியமும் வைக்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் என்னைப் பொய்க்காரி என்கிறார், இங்கே கடைத்தெருவில் போன வாரம் வரை சூனியக்காரி என்றார்கள். இரண்டில் சூனியக்காரிக்காவது கொஞ்சம் மரியாதை இருந்தது, எதிரில் வந்தால் ஒதுங்கி வழி விட்டார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதை நான் மறக்கவில்லை. மூன்று தாலுகாவிலிருந்து வந்த முடியும், தாயிடமிருந்து மட்டும் வரும் மரபணுவைப் பார்க்கிற தாய்வழிச் சோதனையில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறது, இது இயல்பில்லை, சேகரித்தவர் ஏமாற்றியிருக்க வேண்டும், ஆரணி அத்தியாயத்தையே எடுத்துவிடலாம் என்று உன் பேராசிரியர் சொன்னதாகச் சொன்னாய். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவர் என்னைப் பார்த்ததில்லை. அதற்கப்புறம் நீ குரலைத் தாழ்த்தி, கோபப்படாம சொல்லும்மா, வெயில்ல அலைய முடியாம எல்லாத்தையும் ஒரே மாட்டுல எடுத்துட்டியா, பரவாயில்ல, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன் என்றாயே, அதுதான். நீ அன்பாகத்தான் கேட்டாய். திட்டிக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பரவாயில்லை என்று நீ சொன்ன பிறகு கையில் ரிசீவரை வைத்துக்கொண்டு நின்றேன், நீ லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிட்டாய். லைன் கட்டாகவில்லை.

நான் எப்படி எடுத்தேன் என்று நீ கேட்கவே இல்லை, ஆகையால் எழுதுகிறேன். பங்குனி வெயிலில் சின்னதுரையின் ஆட்டோவைப் பேசிக்கொண்டு, ஆரணியைச் சுற்றியும், செய்யாறு பக்கமும், வந்தவாசி பக்கமும் போனேன். ரோடு போடாத ஊரில் இறங்கி நடந்தேன். நீ அனுப்பிய தாளை என் கைப்பையில் வைத்திருந்தேன், அதை வரிக்கு வரி மனப்பாடம் செய்திருந்தேன். வால் நுனியில் எடுக்க வேண்டும், வேரோடு வர வேண்டும், பிளாஸ்டிக் கூடாது, காகிதக் கவர்தான், ஒரு மாட்டுக்கும் அடுத்த மாட்டுக்கும் நடுவில் கை கழுவ வேண்டும். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் கை கழுவத் தண்ணீர் கேட்ட ஒரே கிழவி நானாகத்தான் இருப்பேன். கவரின் மேல் எழுதியதைப் பார்த்தாயா, ஒரு எழுத்துகூடச் சாயவில்லை. அதே தாளில் நீ எழுதியிருந்தது, ஒவ்வொரு மாதிரியும் ஒன்றோடொன்று உறவில்லாத வீடுகளிலிருந்து வர வேண்டும் என்று. உறவில்லாத வீடுகள். அது உன் கையெழுத்து, தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நம் ஊரில் வீட்டுக்கு வீடு உறவா இல்லையா என்று எப்படிக் கேட்பார்கள், அப்படித்தான் நானும் கேட்டேன். வீட்டு ஆம்பிளையைக் கூப்பிட்டு, நீங்கள் யார் வகையறா, பங்காளிகள் எந்தெந்த ஊரில், முன்னே போன ஊரில் இன்னாரோடு கொடுக்கல் வாங்கல் உண்டா என்று ஒவ்வொரு வாசலிலும் விசாரித்தேன். செய்யாறு பக்கம் கந்தசாமி என்று ஒருவர், மகன் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறான், அவர் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, இன்னாம்மா, மாட்டு முடிக்கு வந்தீங்களா எங்கூட்டுல பொண்ணு கேக்க வந்தீங்களா என்று சிரித்தார். எல்லா ஆம்பிளைகளும் சொன்னார்கள், அந்த ஊருக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று. பெருமையாகவே சொன்னார்கள். அதை நம்பித்தான் எடுத்தேன். இதில் நான் எங்கே ஏமாற்றினேன்.

சூனியக் கதை எப்படி வந்தது என்றால் அது வந்தவாசிப் பக்கத்து ரங்கம்மாளால் வந்தது. ரங்கம்மாளின் மாடு வெள்ளை, நல்ல உயரம், நான் முடி எடுத்த மறுநாளே பால் சுரக்காமல் காலை உதறியதாம். பட்டணத்து விதவை வந்து வாலைப் பிடுங்கி, கவரில் போட்டு, மாட்டின் பேரையும் வீட்டின் பேரையும் எழுதிக்கொண்டு போனால் அவர்களும் என்னதான் நினைப்பார்கள். பேர் எழுதினதுதான் அவர்களுக்குப் பயம். அந்தப் பேச்சு பட்டு நூல் வாங்க வந்தவர்களோடு ஆரணிக்கு வந்து, உன் சித்தப்பா சம்பந்தத்தின் புடவைக் கடையில் உட்கார்ந்துகொண்டது. அவர் விடியற்காலையில் வீட்டுக்கு வந்து, வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே, அண்ணி, ஊர்ல இன்னா பேசிகினு கீறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா, கடைக்கு வர்ற பொம்பளைங்க புடவையைத் தொடவே யோசிக்கிறாங்க, பேஜாரா கீது, பரிமளாவுக்கு வேணும்னா அவளே வந்து புடுங்கிகினு போவட்டும் என்றார். நான் அவருக்குக் காபி கொடுத்து, சம்பந்தம், உங்கள் புடவையில் ஜரிகை கறுத்தால் அதற்கும் நான்தான் காரணமா என்று கேட்டு அனுப்பினேன். காபியைக் குடிக்காமல் போய்விட்டார். அவர் காபியை விட்டுப் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும்.

உன் போனுக்கு அப்புறம் எனக்கு உட்கார முடியவில்லை. பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், அப்படியென்றால் முடி எல்லாம் எப்படி ஒன்றாக இருக்கும், அதற்கு ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும். சின்னதுரையைக் கூப்பிட்டேன். திரும்பவுமா ஆயா என்றான். ஆயா என்று கூப்பிடாதே, அம்மா என்று கூப்பிடு, வண்டியை எடு என்றேன். முதலில் மேற்கே ஏரிக்கரையில் பச்சையம்மாள் வீடு. அவள் மாடு சின்னது, சிவப்பு, கொம்பு குட்டை, பார்த்தால் மலை மாடு மாதிரி இருக்கும். அவள் என்னைப் பார்த்ததும் மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டாள், கொடுக்கக் கூடாது என்று. நான் முடி வேண்டாம், ஒரு கேள்விதான், இந்த மாட்டை எந்தச் சந்தையில் வாங்கினீர்கள் என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. சந்தையில வாங்கறதுக்கு இது இன்னா காளையா, எங்க அம்மா வூட்டு சீரு, எங்க அம்மாவுக்கு அவங்க அம்மா வூட்டு சீரு, அப்ப வந்து ஆம்பளைங்ககிட்ட அத்தினி நேரம் பேசிகினு இருந்தியே, மாட்டைப் பாத்துக்கறவ நான் இங்க நிக்கறேனே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா என்று ஒரு பாட்டம் கொட்டினாள். நானும் விடவில்லை, நீ வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்றேன். கேக்காம சொல்றதுக்கு எனக்கு இன்னா வேண்டுதலா என்றாள். இப்படிக் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சண்டை போட்டோம், மாடு சாவதானமாக அசை போட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் விஷயம் எனக்கு விளங்கியது. இந்தப் பக்கத்து ஊர்களில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் தாய் வீட்டு மாட்டின் கிடாரிக் கன்று ஒன்றைக் கூடவே ஓட்டிவிடுகிறார்கள். அதை விற்கக் கூடாது, மகனுக்குக் கொடுக்கக் கூடாது, அவள் மகளுக்குத்தான் அதன் கிடாரி போக வேண்டும். காளைக்கன்றைத்தான் சந்தைக்கு ஓட்டுவார்கள். ஆகையால் எந்த வீட்டுக்குப் போனாலும் கட்டியிருக்கும் பசு அந்த வீட்டு ஆம்பிளையின் பசு இல்லை, அவன் பெண்டாட்டியின் அம்மாவின் அம்மாவின் பசு. நான் ஆம்பிளைகளிடம் வகையறா விசாரித்தால் அவர்கள் அவர்களுடைய வகையறாவைத்தானே சொல்வார்கள். மாமியாரின் தாயார் எந்த ஊர் என்று எந்த ஆம்பிளைக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து எல்லா வீட்டுக்கும் திரும்பப் போய்ப் பெண்களை மட்டும் கேட்டேன். கந்தசாமி மனைவி அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள், அவள் மாட்டின் தாய் வீடு எது, அதற்கு முந்தின தாய் வீடு எது என்று, தன் பிறந்த வீட்டைச் சொல்வது போல. செய்யாறு மாடும் வந்தவாசி மாடும் ஏரிக்கரை மாடும் மேலே போகப் போக மேற்கே நகர்ந்து, ஜவ்வாது மலை அடிவாரத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் போய் நிற்கின்றன. அதற்கு மேலே யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒரே ஒரு மாட்டில் போய் முடிகிறதா என்று எனக்குத் தெரியாது, தெரியாததை நான் எழுத மாட்டேன். ஆனால் தாய்வழி ஒன்றாக இருப்பதற்கு மோசடி தேவையில்லை, கல்யாணம் போதும்.

ரங்கம்மாள் வீட்டுக்குப் போனதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவள் என்னை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தினாள். கேள்விக்குப் பதில் சொல்றேன், இன்னொரு வாட்டி முடிகூடத் தர்றேன், ஆனா எங்க மாட்டு முடி உங்ககிட்ட கீது, உங்க முடி எங்ககிட்ட இருக்கணும், அப்பத்தான் கணக்கு சரி, அப்பத்தான் பால் எறங்கும் என்றாள். சுற்றிலும் கூட்டம். சின்னதுரை ஆட்டோவைத் திருப்பி வைத்துவிட்டான், ஓடுவதற்கு. நான் அவளிடம், மாடு பயந்தால் பால் இறங்காது, வேறொன்றும் இல்லை என்று விளக்கப் பார்த்தேன், அவள் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். உன் அப்பா போன பிறகு என் தலையில் வேறு ஒருவர் கை வைக்க நான் விட்டதில்லை. அதனால் நானே கொண்டையைத் தளர்த்தி, பின்னால் ஒரு கொத்தைப் பிடித்து, வேரோடு வர வேண்டும் என்று நீ எழுதியிருக்கிறாயே அதே மாதிரி இழுத்துக் கொடுத்தேன். உன் தாளில் மாட்டுக்கு வலிக்காது என்று எழுதியிருக்கிறாய். வலிக்கிறது. திருத்திக்கொள். ரங்கம்மாள் அந்த நரைமுடியை மஞ்சள் துணியில் முடிந்து தொழுவத்துக் கம்பத்தில் கட்டினாள், பிறகு எனக்கு மோர் கொடுத்தாள், பிறகு மாட்டின் வாலை அவளே பிடித்துக்கொடுத்தாள். நாலு நாளில் பால் இறங்கிவிட்டது என்று சொல்லி அனுப்பினாள். இடையில் ஒரு கோடை மழை பெய்து வரப்பில் புல் முளைத்தது, பால் அதனால் வந்தது. ஆனால் சூனியப் பேச்சு நின்றுவிட்டது, சம்பந்தம் நேற்று வந்து காபியை முழுதாகக் குடித்துவிட்டுப் போனார்.

இனி உன் பேராசிரியருக்கு. மாடுகள் பார்வைக்கு வேறு வேறாக இருக்கின்றன, பச்சையம்மாளுடையது குட்டைச் சிவப்பு, ரங்கம்மாளுடையது உயர்ந்த வெள்ளை, அப்படி இருக்கத் தாய்வழி எப்படி ஒன்றாகும் என்று அவர் கேட்டதாகச் சொன்னாய். ரங்கம்மாள் ஊர்க் கோயில் காளை ஆந்திராப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்டது, அந்த ஊரில் பிறப்பதெல்லாம் அதன் உயரம், அதன் நிறம். ஏரிக்கரைக்கு மலைக் காளைதான் இறங்கி வரும். ஆரணி டவுனுக்குள்ளே சினை ஊசி. நம் கொட்டகையில் நிற்கிற ஜெர்சியையே எடுத்துக்கொள், அதன் பாட்டி நாட்டு மாடு, ஊசியில் வந்தது அப்பன்தான், தாய்வழிச் சோதனை செய்தால் அதையும் நாட்டு மாடு என்றுதான் உன் மெஷின் சொல்லும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. போன வருஷம் வந்திருந்தபோது, சீமை மாட்டுக்கும் நம் மாட்டுக்கும் ஆதியிலேயே மூதாதை வேறு, ஆனால் ஆப்பிரிக்காவில் திமில் வைத்த மாடுகளைப் பார்த்தால் நம் மாடு போலவே இருக்கும், தாய்வழியைப் பார்த்தால் நம்முடையது இல்லை, திமில் காளை வழியாகப் போனது என்று நீ சாப்பாட்டுத் தட்டில் சாதத்தைப் பிரித்து வைத்துக் காட்டினாய், ரசம் ஆறிப்போனது. வெளித்தோற்றம் அப்பனிடமிருந்து, வழி தாயிடமிருந்து. ஆப்பிரிக்காவில் நடந்தால் அது கண்டுபிடிப்பு, ஆரணியில் நடந்தால் கிழவியின் மோசடியா.

இன்னொன்றும் நீதான் சொன்னாய். தாய்வழிச் சோதனை ஒரு மாட்டை இன்னொரு மாட்டிலிருந்து பிரித்துக் காட்டாது, அக்கா தங்கை எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கும். தனி மாட்டை அடையாளம் காட்ட, அப்பன் பங்கும் அம்மா பங்கும் சேர்ந்த வேறு சோதனை இருக்கிறது என்றாய். நான் அனுப்பிய முதல் கவர்களை அந்தச் சோதனையில் வைத்தார்களா. வைத்திருந்தால் அத்தனையும் தனித்தனி மாடு என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். வைக்காமல் எப்படி ஒரு மனிதர் இன்னொருத்தியை ஏமாற்றுக்காரி என்று சொல்லலாம். அவர் சொல்லட்டும், நீ எப்படிக் கேட்டுக்கொண்டு நின்றாய். உனக்கு வாய் இல்லையா. என்னிடம் மட்டும்தான் உனக்கு வாயா.

அத்தியாயத்தை எடுத்துவிடக் கூடாது என்று நான் சொல்வது என் பேருக்காக மட்டும் இல்லை. இந்த வெயிலில் நம் ஜெர்சி காலை பத்து மணிக்கே நாக்கைத் தொங்கப்போட்டு, மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டு, தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பக்கத்து வீட்டு சாவித்திரி, உங்க மாட்டுக்கு ஏ.சி. போட்டுடுங்க என்று கேலி செய்கிறாள். பச்சையம்மாள் மாடு உச்சி வெயிலில் அறுத்த வயலில் தாள்கட்டையை மேய்ந்துகொண்டு நிற்கிறது. பால் குறைவுதான், அதை யாரும் மறைக்கவில்லை. ஆனால் தண்ணீரில்லாத வருஷத்திலும் கன்று போடுகிறது, உண்ணி ஒட்டினாலும் நிலைப்பதில்லை. அந்தத் தொங்கு தோலும் மெல்லிய ரோமமும் வியர்வையும் உடம்புச் சூட்டைத் தணிக்கின்றன என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு நான் கையை வைத்துப் பார்த்தேன், கழுத்துத் தோல் வெயிலிலும் அவ்வளவு சூடாக இல்லை. ரங்கம்மாளின் வெள்ளை மாடும் அப்படியேதான் நிற்கிறது, அப்பன் வேறாக இருந்தும். தாய்வழி ஒன்று, அப்பன் பல, வெயில் ஒன்று. எந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல மாடுகள் உனக்கு எங்கே கிடைக்கும். உன் பேராசிரியர் தூக்கி எறியச் சொன்னது குப்பை இல்லை என்று எனக்கே தோன்றும்போது உனக்குத் தோன்ற வேண்டாமா. நான் தப்பாகச் சொல்லியிருந்தால் எங்கே தப்பு என்று எழுது, கேட்டுக்கொள்கிறேன்.

இத்துடன் தனிப் பார்சலில் புதிய கவர்கள் வருகின்றன, நீ அனுப்பியிருந்த அனுமதிச் சீட்டை மேலே ஒட்டியிருக்கிறேன், ரிஜிஸ்டர் செய்திருக்கிறேன். இந்த முறை கவரில் மாட்டின் பேரும் இல்லை, ஊரின் பேரும் இல்லை, அ, ஆ, இ என்று எழுத்து மட்டும்தான். அவற்றில் இரண்டு கவர்களில் ஒரே மாட்டின் முடி இருக்கிறது, வேண்டுமென்றே வைத்தேன். மற்றது எல்லாம் வேறு வேறு மாடு. எந்த இரண்டு என்று எனக்கும் சின்னதுரைக்கும் மட்டும்தான் தெரியும், அவனிடம் கேட்டால் ஆயாவைக் கேள் என்பான். உன் பேராசிரியர் ஏமாற்றைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர் அல்லவா, தாய்வழிச் சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இரண்டையும் கண்டுபிடிக்கட்டும். முடியாவிட்டால் மற்றச் சோதனையைச் செய்யட்டும், முதல் கவர்களையும் சேர்த்துச் செய்யட்டும். அப்போது பார்க்கலாம் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று. அவர் மன்னிப்பு எனக்கு வேண்டாம், அந்த ஊர் மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன். அவர் சரியாக வேலை செய்தால் போதும். இன்னொன்று, உன் தாளை மாற்று. உறவில்லாத வீடுகள் என்பதை அடித்துவிட்டு, மாட்டின் தாய் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று வீட்டுப் பெண்ணிடம் கேட்கவும் என்று எழுது. அடுத்த ஜில்லாவில் யாராவது ஒருத்தி உன் தாளை நம்பி வெயிலில் போய் நிற்பாள், அவளையாவது காப்பாற்று.

மற்றபடி வீட்டில் ஒன்றும் புதிதில்லை. மேற்குச் சுவர் மழைக்கு முன் பூச வேண்டும், ஆள் வருகிறேன் வருகிறேன் என்று வாயாலேயே பூசிக்கொண்டிருக்கிறான். சாவித்திரி உனக்கு மறுபடியும் ஒரு வரன் கொண்டுவந்தாள், பையன் அமெரிக்காவில் இருக்கிறானாம், மாடு என்றால் பிடிக்குமா என்று கேட்டேன், அவள் ஜாதகத்தை மடித்துக்கொண்டு போய்விட்டாள். நீ இங்கிருந்து போகும்போது சீராக ஒன்றும் கொண்டு போகவில்லை, ஒரு சூட்கேஸும் பருப்புப் பொடியும்தான், அதிலும் பாதியை ஏர்போர்ட்டில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஆனாலும் பரிமளா, தாய்வழி என்பதை உன்னால் எங்கேயும் இறக்கி வைக்க முடியாது. என் முடி வந்தவாசிப் பக்கத்தில் ஒரு தொழுவத்துக் கம்பத்தில் கட்டியிருக்கிறது. அதையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று உன் பேராசிரியருக்குத் தோன்றினால் அவ்வளவு தூரம் அவர் வர வேண்டாம், உன் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளட்டும். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். அதை யாரும் மோசடி என்று சொல்ல மாட்டார்கள்.

நீ நோய் நொடி இல்லாமல், எடுத்த காரியம் முடித்து, நல்லபடியாக இருக்க வேண்டும், அதற்குத்தான் தினமும் விளக்கேற்றுகிறேன். தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளிக்காதே. பருப்புப் பொடி புதிதாக அரைத்து அதே பார்சலில் வைத்திருக்கிறேன், மாட்டு முடிக் கவர்கள் அடியில் தனியாக இருக்கின்றன, இரண்டையும் கலந்துவிடாதே.

கடைசியாக ஒன்று. அன்றைக்குப் போனில் கேட்டாயே, அப்போது நான் செய்திருப்பேன் என்று நீ நம்பினாயா இல்லையா. நம்பியிருந்தால் நம்பினேன் என்றே சொல், நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் போனில் வேண்டாம், போனில் நீ குரலைத் தாழ்த்திவிடுகிறாய். உன் கையால் எழுதி, தபாலில் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா,
கற்பகம்